அண்மையின் பயனும் அதன் விலையும்: தாழ் ஒழுக்குச் செய்மதிகள் பற்றி ஓர் அறிமுகம்

காரைநகர்க் கசூரினாக் கடற்கரையில் சூரியன் மறைந்து முக்கால் மணி நேரம் கழிந்த பின்னர் வானத்தைப் பொறுமையாகப் பார்த்திருப்பவர்கள், விண்மீனைப் போன்ற ஒரு புள்ளி, விமானத்துக்குரிய சிமிட்டல் எதுவுமின்றிச் சீரான வேகத்தில் நகர்ந்து, சில நிமிடங்களில் வானைக் கடந்து, சில வேளைகளில் நடுவானிலேயே மங்கி மறைவதைக் காண்பார்கள். அது தாழ் ஒழுக்கில் செல்லும் ஒரு செய்மதி. கரையில் நிற்கும் எங்களுக்கு இருட்டிவிட்டாலும் சில நூறு கிலோமீற்றர் உயரத்தில் வெயில் இன்னும் இருக்கிறது. அந்த வெயில் பட்டுத் தெறிப்பதால்தான் செய்மதி ஒளிர்கிறது; புவியின் நிழலுக்குள் புகுந்ததும் மறைகிறது. நள்ளிரவில் இத்தகைய புள்ளிகள் குறைவாகத் தெரிவதற்கும் இந்த நிழலே காரணம்.

2025 ஆம் ஆண்டு யூலை மாதத்தில் ஸ்டார்லிங்க் என்னும் செய்மதிவழி இணையச் சேவை இலங்கையில் தொடங்கியதிலிருந்து, இந்தச் செய்மதிகள் பற்றி யாழ்ப்பாணத்திலும் பலர் கேட்கிறார்கள். விலையும் வேகமும் பற்றியே பெரும்பாலும் பேச்சு நடக்கிறது. ஆனால் அவை இரண்டும் எங்கிருந்து வருகின்றன என்பதை விளங்கிக்கொள்ள, முதலில் உயரத்தை விளங்கிக்கொள்ள வேண்டும்.

ஒரு செய்மதி புவியைச் சுற்றிவரும் பாதையை ஒழுக்கு என்கிறோம். தரையிலிருந்து 2,000 கிலோமீற்றருக்கு உட்பட்ட உயரத்தில் அமைந்தவை தாழ் ஒழுக்குகள். சர்வதேச விண்வெளி நிலையம் ஏறத்தாழ 400 கிலோமீற்றர் உயரத்தில் செல்கிறது. அது யாழ்ப்பாணத்திலிருந்து கொழும்புக்கு உள்ள வீதித் தூரம். ஸ்டார்லிங்க் செய்மதிகளிற் பெரும்பாலானவை 2025 இல் 550 கிலோமீற்றர் அளவில் இருந்தன. அது யாழ்ப்பாணத்திலிருந்து மாத்தறைக்கு உள்ள வீதித் தூரம். இவ்வளவுதான் இடைவெளி. எங்கள் வீட்டுக் கூரைகளில் உள்ள தொலைக்காட்சி டிஷ் நோக்கும் செய்மதிகளோ 35,786 கிலோமீற்றர் உயரத்தில், அதாவது கொழும்புத் தூரத்தைப் போல் 90 மடங்கு அப்பால் இருக்கின்றன. கைத்தொலைபேசி இடத்தைக் காட்ட உதவும் ஜிபிஎஸ் செய்மதிகள் இவ்விரண்டுக்கும் நடுவே, ஏறத்தாழ 20,200 கிலோமீற்றரில் உள்ளன. செய்மதி என்ற ஒரே சொல்லால் இவை எல்லாவற்றையும் குறிப்பதே பல குழப்பங்களுக்குக் காரணம்.

இவ்வளவு பக்கத்தில் இருக்கும் பொருள் ஏன் விழவில்லை? மேலே ஈர்ப்பு இல்லை என்று பலர் நினைக்கிறார்கள். பாடசாலை மாணவர்களும் அவ்வாறே எழுதுகிறார்கள். 550 கிலோமீற்றர் உயரத்தில் ஈர்ப்பு தரையில் உள்ளதன் 85 சதவீதமாக இருக்கிறது. உண்மையில் செய்மதி ஒவ்வொரு கணமும் விழுந்துகொண்டே இருக்கிறது. 25 மீற்றர் உயரமான பனையின் உச்சியிலிருந்து ஒரு பனங்காயைக் கிடையாக எறிவதாக எண்ணிப் பாருங்கள். இரண்டு செக்கனுக்குச் சற்றுக் கூடுதலான நேரத்தில் அது நிலத்தை அடையும்; வேகமாக எறிந்தால் தூரமாகப் போய் விழும், ஆனால் விழும் நேரம் மாறாது. இப்போது நிலம் தட்டையானது அல்ல என்பதையும் சேர்த்துக்கொள்வோம். பருத்தித்துறைக் கரையில் நின்று பார்க்கும்போது தொலைவில் செல்லும் கப்பலின் அடிப்பகுதி முதலில் மறைவதற்குக் காரணமான அந்த வளைவு, ஏறத்தாழ 8 கிலோமீற்றருக்கு 5 மீற்றர் கீழிறங்குகிறது. எந்தப் பொருளும் முதல் ஒரு செக்கனில் ஏறத்தாழ 5 மீற்றர்தான் விழுகிறது. ஆகவே, காற்றுத் தடையே இல்லையென்று வைத்துக்கொண்டால், செக்கனுக்கு ஏறத்தாழ 8 கிலோமீற்றர் வேகத்தில் எறியப்படும் பனங்காய் விழுகின்ற அளவுக்கே நிலமும் அதன் கீழே வளைந்து விலகுகிறது. காய் நிலத்தைத் தொடுவதேயில்லை.

உயரம் கூடும்போது தேவையான வேகம் சற்றுக் குறைகிறது. 550 கிலோமீற்றரில் அது செக்கனுக்கு 7.6 கிலோமீற்றர். அந்த வேகத்தில் யாழ்ப்பாணத்திலிருந்து கொழும்புக்கு ஒரு நிமிடத்துக்குள் போய்விடலாம்; புவியை முழுதாகச் சுற்ற 96 நிமிடங்கள் போதும். 1957 ஒக்ரோபர் 4 இல் ஏவப்பட்ட முதற் செய்மதியான ஸ்புட்னிக் கூட ஏறத்தாழ இதே நேரத்தில்தான் சுற்றியது. இந்த வேகம் செய்மதியின் நிறையையோ உரிமையாளரின் விருப்பத்தையோ பொறுத்ததன்று. உயரத்தைத் தெரிந்தெடுத்தால் வேகமும் தெரிந்தெடுக்கப்பட்டுவிடும். தாழ் ஒழுக்கின் நன்மைகளும் தீமைகளும் பெரும்பாலும் இந்த ஒரே விதியிலிருந்து பிறக்கின்றன.

உயரே போகப் போகச் சுற்றும் நேரம் கூடும். 35,786 கிலோமீற்றரில் அது புவி தன்னைத்தானே ஒருமுறை சுற்றும் நேரத்துக்குச் சமமாகிறது. மத்திய கோட்டுக்கு மேலே அங்கு நிற்கும் செய்மதி, வானில் ஆணி அடித்தாற்போல் ஒரே இடத்தில் தெரியும். அதைச் செய்தித் தொடர்புக்குப் பயன்படுத்தலாம் என்று 1945 இல் எழுதிய அறிவியற் புனைகதை எழுத்தாளர் ஆர்தர் சி. கிளார்க், 1956 முதல் 2008 இல் இறக்கும் வரை இலங்கையிலேயே வாழ்ந்தார் என்பது எங்களுக்கு நெருக்கமான செய்தி. அத்தகைய புவிநிலைச் செய்மதிகள் மூன்று இருந்தால், துருவப் பகுதிகள் தவிர்ந்த உலகம் முழுவதற்கும் சேவை வழங்கலாம். டிஷ்ஷை ஒருமுறை திருப்பிப் பூட்டிவிட்டால் போதும். இவ்வளவு வசதி இருக்கும்போது தாழ் ஒழுக்கை ஏன் நாடுகிறார்கள்?

முதற் காரணம் தாமதம். ஒளியும் வானொலி அலையும் செக்கனுக்கு ஏறத்தாழ 3 இலட்சம் கிலோமீற்றர் செல்கின்றன. புவிநிலைச் செய்மதிக்கு ஏறி இறங்க அலைக்குக் கால் செக்கன் அளவு பிடிக்கும். கேள்வி போய் மறுமொழி வர அரைச் செக்கன். இதை எந்தப் பொறியியலாலும் குறைக்க முடியாது. தொலைக்காட்சி பார்ப்பதற்கு இது பொருட்டல்ல. ரொறன்ரோவில் இருக்கும் மகளுடன் பேசும் தாய்க்கு அது பொருட்டு. இருவரும் ஒரே நேரத்தில் பேசத் தொடங்கி, ஒரே நேரத்தில் நிறுத்தி, மறுபடியும் மோதிக்கொள்வார்கள். 550 கிலோமீற்றர் உயரமான செய்மதிக்கு ஏறி இறங்க 4 மில்லிசெக்கனும் ஆகாது. இடையில் உள்ள கருவிகளின் வேலைகளையும் தரைவழிப் பயணத்தையும் சேர்த்தாலும், கேள்விக்கு மறுமொழி வர நடைமுறையில் 25 முதல் 50 மில்லிசெக்கன் வரையே ஆகிறது. காதால் அதை உணர முடியாது.

இரண்டாவது காரணம் அலையின் வலு. விளக்கிலிருந்து விலக விலக வெளிச்சம் குறைவது போல, அலையும் தூரத்தின் வர்க்கத்துக்கேற்ப மெலிகிறது. ஒரே அளவாகப் பரவும் அலை, 550 கிலோமீற்றரில் இருந்து வரும்போது புவிநிலைத் தூரத்தில் இருந்து வருவதைவிட ஏறத்தாழ 4,200 மடங்கு வலுவுடன் தரையை அடையும். சாதாரணக் கைத்தொலைபேசியே செய்மதியுடன் பேசக்கூடிய நிலை இதனால்தான் உருவாகியது. 2022 இல் வந்த ஐபோன் 14 அவசரச் செய்தியை அனுப்பப் பயன்படுத்துவதும் ஏறத்தாழ 1,400 கிலோமீற்றர் உயரத்தில் உள்ள செய்மதிகளையே.

இவற்றுக்கான விலை, செய்மதி நிற்காது என்பது. எங்கள் தலைக்கு நேர் மேலாகச் செல்லும் ஒரு செய்மதி, அடிவானத்தில் எழுந்து எதிர் அடிவானத்தில் மறையப் பன்னிரண்டு நிமிடங்கள்தான் ஆகும். மரங்களுக்கும் கட்டடங்களுக்கும் மேலாக, பயன்படுத்தக்கூடிய உயரத்தில் அது இருப்பது நான்கைந்து நிமிடங்கள். ஆகவே ஒன்று இறங்குமுன் இன்னொன்று ஏறியிருக்க வேண்டும். இடைவிடாத சேவைக்கு உயரத்தைப் பொறுத்துப் பத்துக்கணக்கிலோ நூற்றுக்கணக்கிலோ, பலருக்கு வேகமான சேவைக்கு ஆயிரக்கணக்கிலும் செய்மதிகள் தேவைப்படுகின்றன. 66 செய்மதிகளுடன் 1998 நவம்பரில் தொலைபேசிச் சேவையைத் தொடங்கிய இரிடியம் நிறுவனம் ஒரு வருடத்துக்குள் கடன் சுமையால் வங்குரோத்து நிலையை அடைந்தது. விஞ்ஞானத்தில் அதற்குத் தவறு இல்லை, செலவு தாங்கவில்லை. ஏவிய ரொக்கெட்டைத் திரும்ப இறக்கி மறுபடியும் ஏவும் வழக்கம் 2017 முதல் நடைமுறைக்கு வந்த பின்னர்தான் கணக்கு மாறியது. 2019 மே மாதத்தில் முதல் 60 செய்மதிகளை ஏவிய ஸ்டார்லிங்க், 2025 இல் 7,000 ஐத் தாண்டியது. ஒன்வெப் என்ற இன்னொரு இணையச் சேவை 1,200 கிலோமீற்றர் உயரத்தில் அறுநூறுக்கு மேற்பட்டவற்றை வைத்திருக்கிறது. அமேசானும் சீன நிறுவனங்களும் தங்கள் தொகுதிகளை ஏவி வருகின்றன.

ஓடும் செய்மதியைப் பயனரின் வீட்டில் உள்ள அன்ரனாத் தட்டு எவ்வாறு பின்தொடர்கிறது என்பது இத்தொழில்நுட்பத்தின் அழகான பகுதி. தட்டு அசைவதில்லை. அதனுள்ளே நூற்றுக்கணக்கான சிறு அன்ரனாக்கள் வரிசையாக அடுக்கப்பட்டிருக்கின்றன. ஒவ்வொன்றிலிருந்தும் அலை புறப்படும் நேரத்தை மிகச் சிறிதளவு முன்பின்னாக மாற்றினால், அலைகள் ஒரு திசையில் ஒன்றையொன்று வலுப்படுத்தி, மற்றத் திசைகளில் ஒன்றையொன்று அழித்துக்கொள்ளும். கேணியில் பலர் வரிசையாக நின்று, ஒருவர் பின் ஒருவராகக் கல்லைப் போட்டால் அலைமுகம் சரிந்து ஒரு பக்கமாகச் செல்வதைப் போன்றது இது. இவ்வாறு அலைக்கதிரை மின்னல் வேகத்தில் திருப்பி, மறையும் செய்மதியை விட்டு எழும் செய்மதியைத் தட்டு பிடித்துக்கொள்கிறது. செய்மதி அந்தச் செய்தியைக் கீழே இணையத்துடன் இணைந்துள்ள தரைநிலையத்துக்கு இறக்குகிறது. அருகில் தரைநிலையம் இல்லையெனில் லேசர் ஒளியால் அடுத்த செய்மதிக்குக் கைமாற்றுகிறது.

இங்கே யாழ்ப்பாணத்துக்கென்று ஒரு சிறப்பு உண்டு. அது பலர் கவனிக்காதது. ஸ்டார்லிங்க் செய்மதிகளிற் பெரும்பகுதி மத்திய கோட்டுக்கு 53 பாகை சாய்வான ஒழுக்குகளில் செல்கின்றன. சாய்வான வளையம் ஒன்றில் செல்லும் பொருள், அதன் வடக்கு, தெற்கு எல்லைகளுக்கு அருகே கிழக்கு நோக்கித் திரும்புவதில் கூடுதலான நேரத்தைச் செலவிடும். ஆகவே 51.5 பாகையில் உள்ள இலண்டனின் வானத்தில் அவை நெருக்கமாகவும், 9.7 பாகையில் உள்ள எங்கள் வானத்தில் ஐதாகவும் இருக்கின்றன. மேலும், புவிநிலைச் செய்மதிகளின் அலைகளைக் குழப்பாதிருக்க, வானில் அவை வரிசையாக நிற்கும் வில் போன்ற கோட்டின் திசையில் தாழ் ஒழுக்குச் செய்மதிகள் தரையுடன் பேசுவதைத் தவிர்க்க வேண்டும் என்பது சர்வதேச ஒழுங்கு. எங்கள் ஊர் டிஷ்களிற் பல வானை நோக்கி நன்கு நிமிர்ந்து நிற்பதைக் கவனித்திருப்பீர்கள். அந்த வில் எங்களுக்கு உச்சிக்கு அண்மையில் ஓடுகிறது. ஐரோப்பாவிலோ அது தெற்கே தாழ்ந்து கிடக்கிறது. வானின் மிகச் சிறந்த பகுதியில் ஒரு துண்டு எங்களுக்கு மூடப்பட்டிருக்கிறது என்று பொருள்.

வாங்க நினைப்பவர்கள் வேறு சிலவற்றையும் கருத வேண்டும். தட்டுக்கு அகன்ற, தடையற்ற வானம் வேண்டும். தென்னையும் மாவும் நெருங்கி நிற்கும் வளவில் அதை நிலத்தில் வைத்தால், ஓலை மறைக்கும் ஒவ்வொரு முறையும் தொடர்பு அறும். மாரி மழை கொட்டும்போது தொலைக்காட்சிப் படம் சிதறுவது போல இதுவும் தளரும், ஏனெனில் இரண்டரைச் சென்ரிமீற்றர் அளவு அலைநீளமுள்ள இந்த அலைகளை மழைத்துளிகள் விழுங்குகின்றன. தட்டு 75 முதல் 100 வாற் வரை மின்னை இழுக்கிறது; இரவும் பகலும் இயங்கினால் மாதத்துக்கு 50 முதல் 70 அலகுகள் மின்பட்டியலில் ஏறும். இலங்கையில் சேவை தொடங்கியபோது கருவித் தொகுதியின் விலை ஓர் இலட்சம் ரூபாவைத் தாண்டியிருந்தது.

இணையத்தைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தால், தாழ் ஒழுக்கின் பழைய, என் எண்ணத்தில் இன்னும் பெரிய, பயனை மறந்துவிடுவோம். அது பார்ப்பது. 786 கிலோமீற்றர் உயரத்தில் செல்லும் ஐரோப்பாவின் சென்ரினல்-2 செய்மதிகள், ஏறத்தாழ ஐந்து நாட்களுக்கு ஒருமுறை, காலை பத்தரை மணியளவில் எங்கள் நிலத்தைப் படமெடுக்கின்றன. அந்தப் படங்களை எவரும் பணமின்றிப் பெறலாம். படத்தின் ஒரு புள்ளி 10 மீற்றர் நீள அகலமுள்ள நிலம். ஒரு பரப்புக் காணி ஏறத்தாழ இரண்டரைப் புள்ளி. தோட்டத்தில் தனிச் செடியைக் காண முடியாது, ஆனால் வெங்காயச் செய்கையின் பச்சை எப்போது ஏறி எப்போது இறங்குகிறது என்பதையும், தொண்டைமானாற்று நீரேரியின் விளிம்பு மாரிக்கும் கோடைக்கும் இடையே எவ்வளவு நகர்கிறது என்பதையும் வருடக் கணக்கில் பின்தொடரலாம். முகில் மூடும் மாதங்களில் ஒளிப்படம் உதவாது. அப்போது முகிலை ஊடுருவும் ராடர் அலையால் பார்க்கும் சென்ரினல்-1 உதவுகிறது. 2008 நவம்பரில் நிஷா சூறாவளி குடாநாட்டை வெள்ளத்தில் ஆழ்த்தியபோது அத்தகைய இலவசப் படங்கள் எங்களுக்குக் கிடைக்கவில்லை; இன்று பல்கலைக்கழக மாணவர் ஒருவர் தன் கணினியிலேயே வெள்ளத்தின் எல்லையை வரையலாம்.

எல்லாவற்றையும் பார்த்துவிடலாம் என்று நம்புவதும் தவறு. பெரும்பாலும் நிலத்தடி நீரையே நம்பி வாழும் எங்களுக்கு, ஈர்ப்பின் மிகச் சிறு மாற்றத்தை அளந்து நிலத்தடி நீரின் ஏற்ற இறக்கத்தைக் கணிக்கும் கிரேஸ் இரட்டைச் செய்மதிகள் பெரும் துணையாக இருந்திருக்க வேண்டும். ஆனால் அவற்றின் பார்வை சில நூறு கிலோமீற்றர் அகலமான பரப்புகளையே பிரித்தறியும். எங்கள் சுண்ணக்கற் பாறை நீரை அறிய, கிணற்றுக்குள் அளவுகோலை இறக்குவதே இன்னமும் வழி.

செய்மதியின் ஓட்டம் எப்போதும் குறையன்று. யாழ்தேவி நெருங்கும்போது அதன் ஊதல் சற்று உயர்ந்தும், கடந்து செல்லும்போது தாழ்ந்தும் கேட்பது போல, விரைந்து செல்லும் செய்மதிக்குத் தரையிலிருந்து எழும் அலையின் மீடிறனும் மாறித் தெரியும். எந்தக் கணத்தில், எவ்வளவு விரைவாக அது மாறுகிறது என்பதைக் கணித்தால் அலை எங்கிருந்து வருகிறது என்பதைச் சொல்லிவிடலாம். கடலில் ஆபத்தில் சிக்கிய படகின் அவசர ஒலிபரப்பியைக் கண்டறிய கொஸ்பாஸ்-சார்சாற் என்னும் சர்வதேச ஏற்பாடு 1982 முதல் பயன்படுத்திய முறை இதுதான். இன்று வேறு ஒழுக்குகளில் உள்ள செய்மதிகளும் அந்த வேலையைச் செய்கின்றன. பாக்கு நீரிணையில் இயந்திரம் பழுதாகி அலைந்த படகுகளைப் பற்றிக் கேட்டு வளர்ந்த எவருக்கும், அந்தச் சிறு கருவி ஒவ்வொரு படகிலும் இருக்க வேண்டும் என்றே தோன்றும்.

இனி அண்மையின் பெரிய விலைகளுக்கு வருவோம். சில நூறு கிலோமீற்றரில் வளிமண்டலம் முற்றாக முடிந்துவிடுவதில்லை. மிக ஐதான வளி அங்கும் இருந்து செய்மதியைச் சிறிது சிறிதாகப் பின்னிழுக்கிறது. இலங்கைப் பொறியியலாளர் இருவர் யப்பானில் உருவாக்கிய, ஏறத்தாழ ஒரு கிலோகிராம் நிறையுள்ள இராவணா-1 என்ற நாட்டின் முதற் சிறு செய்மதி, 2019 யூன் 17 இல் விண்வெளி நிலையத்திலிருந்து விடுவிக்கப்பட்டு, சில ஆண்டுகளுக்குள் இவ்வாறே இறங்கி எரிந்து முடிந்தது. 2022 பெப்ரவரியில் சூரியனிலிருந்து எழுந்த புயல் வளிமண்டலத்தைச் சூடாக்கி உப்பவைத்ததால், அப்போதுதான் ஏவப்பட்டு 210 கிலோமீற்றரில் இருந்த 49 ஸ்டார்லிங்க் செய்மதிகளுட் பெரும்பாலானவை வீழ்ந்தன. 550 கிலோமீற்றரில் இயங்குபவை இடையிடையே உந்திகளை இயக்கித் தாக்குப்பிடித்தாலும், அவற்றின் ஆயுள் ஐந்து வருடங்கள் அளவே. அதாவது முழுத் தொகுதியையும் ஐந்து வருடங்களுக்கு ஒருமுறை புதிதாக ஏவவேண்டும்.

இதே இழுவை ஒரு துப்புரவாளனும் ஆகிறது. 550 கிலோமீற்றரில் செயலிழந்த செய்மதி சில ஆண்டுகளில் தானாக எரிந்துவிடும். 1,000 கிலோமீற்றருக்கு மேல் செயலிழந்தது பல நூற்றாண்டுகள் குப்பையாகச் சுற்றும். 2009 பெப்ரவரி 10 இல் சைபீரியாவுக்கு மேலே, இயங்கிக்கொண்டிருந்த ஓர் இரிடியம் செய்மதியும் செயலிழந்த ஒரு ரஷ்யச் செய்மதியும் ஏறத்தாழ 790 கிலோமீற்றர் உயரத்தில் மோதி, இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட துண்டுகளாயின. 2007 இல் சீனா தன் பழைய செய்மதி ஒன்றை ஏவுகணையால் தகர்த்தபோது மூவாயிரத்துக்கும் மேற்பட்ட துண்டுகள் பரவின. ஒவ்வொரு துண்டும் வேறொன்றை உடைத்து, அது மேலும் துண்டுகளைப் பெருக்கி, ஒரு கட்டத்தில் அந்த உயரமே பயன்படாமல் போகலாம் என்று நாசா விஞ்ஞானி டொனால்ட் கெஸ்லர் 1978 இலேயே எச்சரித்தார். எவருக்கும் சொந்தமில்லாத அந்த வெளியை, முதலில் சென்றவர்கள் நிரப்பிக்கொண்டிருக்கிறார்கள். நாளை எங்கள் பிள்ளைகள் ஒரு செய்மதியை ஏவ விரும்பினால் அவர்களுக்கு இடம் இருக்குமா என்ற கேள்வியைச் சிறிய நாடுகள் இன்னும் உரத்துக் கேட்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. வானியலாளர்களின் தொலைநோக்கிப் படங்களில் இந்தச் செய்மதிகள் இழுக்கும் வெண்கோடுகளும், வானொலித் தொலைநோக்கிகளுக்கு அவற்றால் ஏற்படும் இரைச்சலும் இதே வகையான இழப்புகள்.

இன்னொன்று, சேவையை நிறுத்தும் ஆளியை யார் வைத்திருக்கிறார்கள் என்பது. 2022 சனவரியில் எரிமலை வெடித்துத் தொங்கா நாட்டை வெளியுலகுடன் இணைத்த ஒரேயொரு கடலடி வடம் அறுந்து ஐந்து வாரங்கள் தொடர்பற்றிருந்தபோது, செய்மதித் தட்டுகள் அந்தத் தீவுகளுக்கு உதவின. ஆனால் அத்தகைய சேவையை ஒரு தனி நிறுவனமோ, ஓர் அரசோ ஒரு பகுதிக்கு மட்டும் நிறுத்திவிடவும் முடியும். 1990களில் தொலைபேசியும் மின்சாரமும் இன்றி ஆண்டுக் கணக்கில் இருந்த குடாநாட்டுக்கு இதை எவரும் விளக்க வேண்டியதில்லை.

எனவே யாருக்கு எது பொருந்தும்? யாழ் நகரில், கண்ணாடியிழை வடம் வாசல் வரை வந்துள்ள வீட்டுக்குத் தாழ் ஒழுக்குச் செய்மதி தேவையில்லை என்பேன். ஒரு செய்மதிக் கதிரின் கொள்ளளவை அந்தப் பகுதியில் உள்ள எல்லோரும் பகிர்ந்துகொள்ள வேண்டும். நெருக்கமான ஊரில் வடத்துடன் அது போட்டியிட முடியாது. குறிகட்டுவானிலிருந்து படகேறிப் போகவேண்டிய நெடுந்தீவில், கடல் கொந்தளித்துப் படகு நின்ற நாளில், நோயாளியின் நிலையை யாழ்ப்பாணத்தில் உள்ள மருத்துவருக்குக் காட்ட வேண்டிய வைத்தியசாலைக்கும், புயலில் கோபுரங்கள் சாய்ந்தாலும் செய்தி அனுப்பவேண்டிய பிரதேச செயலகத்துக்கும் ஒவ்வொரு தட்டும், அதை இயக்க ஒரு சூரியத் தகடும் மின்கலமும் இருக்க வேண்டும். அவற்றை வைப்பதற்கு உகந்த மாதம் புரட்டாதி. ஐப்பசியில் மழை தொடங்குமுன் கூரையில் ஏறி, எந்தத் தென்னை எந்தப் பக்கத்து வானத்தை மறைக்கிறது என்று பார்த்துவிட வேண்டும்.